தேகாப்பியாசத்துக்கு நேரமில்லையா?

"தினமும் கொஞ்சம் தேகாப்பியாசம் செய்யுங்கள்" என்று வைத்தியர் சொல்லும்போது தலையாட்டுவதும், வீட்டுப் படியேறியதும் அதை மறந்துவிடுவதும் நம்மவர்க்குப் புதிதன்று. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களிலோ அந்த அறிவுரைக்கு ஆயத்தமான மறுமொழி ஒன்றே உண்டு: "விடிந்தது முதல் பொழுது சாயும்வரை மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற எங்களுக்கா அப்பியாசம்?" கேட்பதற்கு அது நியாயமாகவே இருக்கிறது. சீதாவக்கை ஆற்றின் இருமருங்கும் குன்றுகள், குன்றுகளின் மேல் தேயிலை, சரிவுகளில் இறப்பர். கடைக்குப் போனாலும் ஏற்றம், கோயிலுக்குப் போனாலும் ஏற்றம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குக் கால்கள் நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

ஆனால் இந்த மறுமொழியைச் சொல்பவர் யார் என்பதைச் சற்று உற்று நோக்க வேண்டும். கொழுந்துக் கூடையுடன் முப்பது நாற்பது ஆண்டுகள் மலையேறிய மூதாட்டி சொன்னால் அதை மறுக்க நமக்கு வாயில்லை. இன்று அதைச் சொல்பவர் பெரும்பாலும் அவருடைய மகனோ பேத்தியோ அல்லவா? மகன் தோட்டத்துக் காரியாலயத்தில் நாற்காலியில் அமர்ந்து பெயரேடு எழுதுகிறார். அல்லது முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். அல்லது தெரணியகலைக் கடைவீதியில் கல்லாப் பெட்டியின் பின்னால் காலை ஏழு மணி முதல் இரவு எட்டு மணிவரை குந்தியிருக்கிறார். பேத்தி ஆசிரியையாகிவிட்டார், அல்லது அவிசாவளைப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கிறார். போக ஒரு மணி, வர ஒரு மணி பேருந்தில் உட்கார்ந்தோ நெரிபட்டோ செல்கிறார். ஒரு தலைமுறைக்குள் வேலை மலையிலிருந்து இறங்கி நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டது. சோற்றின் அளவும் தேநீரில் போடும் சீனியின் அளவும் மட்டும் மலையேறியவர்களுடைய அளவாகவே இருந்துவருகின்றன. தாயின் கால்கள் ஏறிய மலையை மகன் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரு காலத்தில் பட்டணத்துப் பணக்காரரின் வியாதிகள் என்று எண்ணப்பட்டவை. இன்று லயத்துக் காம்பராவிலும் மாத்திரைப் பொட்டலங்கள் தொங்குகின்றன.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் நின்று நடந்து செய்யும் வேலைக்கும் இடையில் உயிரையே பாதிக்கும் வேறுபாடு உண்டு என்பதை உலகம் தெளிவாக உணர்ந்தது ஒரு பேருந்தைக் கொண்டுதான். இலண்டன் மாநகரில் ஓடிய இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் சாரதி ஒருவர், நடத்துநர் ஒருவர். சாரதி நாள் முழுவதும் ஆசனத்தைவிட்டு அசையமாட்டார். நடத்துநரோ பயணச் சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படியில் ஓயாது ஏறி இறங்குவார். இருவரும் ஒரே வகுப்பு மக்கள். ஊதியத்திலும் பெரிய வித்தியாசமில்லை. ஜெரி மொரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளர் இவர்களது நோய்க் குறிப்புகளை ஒப்பிட்டு 1953ஆம் ஆண்டு 'லான்செட்' வைத்திய இதழில் வெளியிட்டார். படியேறிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதிலேயே வந்தது. சாரதிகள் தொடக்கத்திலேயே பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுந்தபோது, மொரிஸ் அவர்களது சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைத் தேடியெடுத்து ஆராய்ந்து 1956இல் அதையும் எழுதினார். ஐயத்தில் உண்மை இருக்கத்தான் செய்தது. சாரதிகளின் இடுப்பு பெரிதாகவே இருந்தது. ஆனால் மெலிந்தவரைப் மெலிந்தவரோடும் பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டபோதும் படியேறியவர்களே பிழைத்தார்கள். நடந்து கடிதம் கொடுத்த தபாற்காரரையும் மேசையில் அமர்ந்த எழுதுவினைஞரையும் ஒப்பிட்டபோது கண்டதும் இதுவே. மொரிஸ் தம் ஆராய்ச்சியைத் தாமே நம்பினார் போலும். 1910இல் பிறந்த அவர் 2009வரை, தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

இலண்டன் நமக்குத் தூரம் என்போருக்குச் சென்னை பக்கம். நம்மைப் போன்ற உடற்கட்டும் நம்மைப் போன்ற சோற்றுப் பழக்கமும் உடையவர்களைக் கொண்டு அங்கே டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டு நின்ற, ஆனால் இன்னும் நீரிழிவாகாத 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அறிவுரை எதுவுமின்றி விடப்பட்ட பகுதியினரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆனார்கள். உணவைத் திருத்திக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கும்படி தூண்டப்பட்ட பகுதியினரில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட பகுதியினருக்குக் கிடைத்த பயனும் ஏறக்குறைய இவ்வளவுதான்! அந்த ஆய்வில் நம் தோட்டத்து மக்கள் கருத்தூன்ற வேண்டிய இன்னொரு நுட்பமும் உண்டு. ஏற்கெனவே உடலுழைப்பில் ஈடுபட்டவர்களையும், நாளொன்றுக்கு அரைமணிக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் 'நீங்கள் செய்வதையே தொடர்ந்து செய்யுங்கள்' என்று விட்டுவிட்டார்கள். நடக்கச் சொன்னது உட்கார்ந்திருப்பவர்களைத்தான். ஆகவே மேலே சொன்ன மூதாட்டியின் மறுமொழி சரி; மகனுடைய மறுமொழி தவறு.

மூதாட்டியின் மறுமொழி சரி என்பதற்காக, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் பால் வெட்டும் தொழிலாளிக்கும் இதில் ஒன்றுமேயில்லை என்று கொள்ள வேண்டாம். களைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் உடல் கொஞ்ச நேரம் உழைத்து நிறைய நேரம் ஆறுகிறது. எல்லா உறுப்புகளும் மாறி மாறி அசைகின்றன. மலை வேலையிலோ ஒரே உறுப்பு ஒரே விதமாக மணிக்கணக்கில் இழுபடுகிறது. தலையில் கயிறு மாட்டிய கூடையின் பாரத்தைக் கழுத்து தாங்குகிறது. இடுப்பு மடிந்தபடியே இருக்கிறது. இறப்பர் மரத்தின் அடிப்பட்டையில் வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை குனிகிறார். பாரம் தூக்கும் தொழில், ஓய்வு நேரத்து அப்பியாசம் தரும் நன்மையை இருதயத்துக்குத் தருவதில்லை என்று டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் அண்மைக் காலத்தில் எழுதி வருகிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. எனினும் மலையிலிருந்து திரும்பிய பெண்ணைப் பார்த்து 'இனி ஓடு' என்று சொல்பவன் அறிவிலி என்பதில் விவாதமே வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது மடிந்த உடலை நிமிர்த்துவது. இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னோக்கிச் சாய்ந்து நிமிர்தல் ஐந்து தடவை. தோள்களைக் காது வரை உயர்த்திப் பின்னோக்கிச் சுழற்றித் தளர்த்துதல் பத்துத் தடவை. பாயில் மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்தபடி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை அவருக்குக் கொடுப்பது, அடுப்படியில் வேறொருவர் நிற்பதைப் பொறுத்தது. இவ்விடத்தில் குடும்பத்து ஆண்மக்கள் கவனிக்க.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நேற்றுவரை பத்து மைல் நடந்த கால்கள் இன்று திண்ணையை விட்டு இறங்குவதில்லை. 'இனியாவது இருக்கட்டும்' என்று பிள்ளைகளும் அன்பினால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்த அன்பே சில வருடங்களில் அவர்களை முழங்கால் பிடிப்பும் சீனி வியாதியும் உள்ளவர்களாக்கிவிடுகிறது. கடைக்குப் போய்வரும் வேலையைப் பெரியவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

இனி, விருப்பமில்லாதவர் விஷயத்துக்கு வருவோம். நேரமில்லை என்று சொல்பவருள் பாதிப்பேருக்கு உண்மையில் இல்லாதது நேரமன்று, மனம். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பாடசாலையில் வெயிலில் நிறுத்திவைத்த ட்ரில் மாஸ்டரின் விசிலும், ஓட்டப் பந்தயத்தில் கடைசியாய் வந்தபோது எழுந்த சிரிப்பும் நம்மில் பலர் மனத்தில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. இத்தகையோருக்கு ஆறுதல் தரக்கூடிய ஒருவர் மகாத்மா காந்தி. இராஜ்கோட்டில் அவர் படித்த உயர்தரப் பாடசாலையில் தலைமை ஆசிரியர் கீமி, மேல்வகுப்பு மாணவர்க்குத் தேகப் பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். கட்டாயமாக்கும்வரை தாம் எந்த விளையாட்டிலும் கலந்துகொண்டதில்லை என்றும், கூச்சமே அதற்கு ஒரு காரணம் என்றும், தந்தையாருக்குப் பணிவிடை செய்ய வீட்டுக்கு ஓட வேண்டியிருந்ததால் அந்தக் கட்டாயத்தை வெறுத்ததாகவும் அவர் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பதன் நன்மையைப் புத்தகத்தில் படித்தார், நடக்கத் தொடங்கினார். பந்தயமில்லை, விசிலில்லை, பார்த்துச் சிரிப்பாரில்லை. இலண்டனில் சட்டம் பயின்ற நாட்களில் வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்தவும் நடந்தார். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல்வரை நடந்ததாக எழுதுகிறார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் நம் இலங்கைக்கு வந்து சென்ற அந்த மெலிந்த மனிதர், 1930இல், தமது அறுபதாவது வயதில், சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரைவரை ஏறக்குறைய 240 மைல் தூரத்தை 24 நாட்களில் கால்நடையாகக் கடந்தார். விளையாட்டு மைதானத்தை வெறுத்த பையனின் கால்கள்தாம் அவை.

ஆகவே அப்பியாசத்தை வெறுக்கிறவர் தாம் வெறுப்பது எதை என்று முதலில் கண்டுகொள்ள வேண்டும். கூட்டத்தை வெறுப்பவர் தனியே நடக்கலாம். தனிமையை வெறுப்பவர் கோயில் முன்றிலில் நால்வரோடு கும்மியடிக்கலாம், கோலாட்டம் ஆடலாம். வியர்வையை வெறுப்பவர் விடியற்காலைக் குளிரில் செய்யலாம். 'தேகாப்பியாசம்' என்ற சொல்லையே வெறுப்பவர் ஒரு மண்வெட்டியை எடுத்து வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி வெட்டலாம். இருதயத்துக்குப் பெயர் தெரியாது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை நடுத்தர வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்றும், இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. குறைந்த அளவான 150 நிமிடத்தை நாட்களாகப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட வருவதில்லை. முன்னெல்லாம் ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். இப்போது அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் செய்தாலும் கணக்கில் சேரும். ஒன்றுமே செய்யாதவர் ஏதோ கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் பயன் மிக அதிகம் என்பதும் அந்த நெறிமுறையின் சாரம். நேரமில்லாதவருக்கு இதைவிடச் சலுகை யாரும் கொடுக்க முடியாது.

எங்கே செய்வது? தெரணியகலையில் மழைக்குக் குறைவில்லை. 'நாளை முதல் நடக்கிறேன்' என்று தீர்மானித்தவனின் தீர்மானம் மறுநாள் மாலை மழையில் கரைந்துபோகும். எனவே வீட்டுக்குள் செய்யத்தக்கதிலிருந்து தொடங்குவதே உத்தமம். நம் வீடுகளில் இஸ்தோப்பு உண்டு. இஸ்தோப்புக்கு ஒரு படியாவது உண்டு. அதுவே போதும். வலது காலை வைத்து ஏறி, இடது காலைச் சேர்த்து, அதே முறையில் இறங்குங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் இருபது தடவை என்ற நிதானத்தில் ஏறி இறங்கினால் போதும். அடுத்த நிமிடத்தில் இடது காலை முதலில் வையுங்கள். சுவரையோ தூணையோ ஒரு கையால் தொட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. முதல் வாரம் காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம். அதற்குமேல் ஆசை வந்தாலும் செய்யாதீர்கள்! முதல் நாளே அரைமணி நேரம் செய்து, இரண்டாம் நாள் கால் வலியோடு எழுந்து, மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம். வாரத்துக்கு ஒரு நிமிடம் வீதம் ஒவ்வொரு வேளையிலும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு மாதத்தில் வேளைக்குப் பத்து நிமிடம் ஆகிவிடும். மொரிஸ் கண்ட நடத்துநர் ஏறிய படியும் நம் இஸ்தோப்புப் படியும் தசைக்கு ஒன்றுதான்.

தசைகளுக்கு வலுவூட்ட இரும்புக் குண்டோ கரலாக்கட்டையோ தேட வேண்டியதில்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர். கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியின் பாதிப் பலன் அந்த நிதானத்தில் இருக்கிறது. ஐந்து தடவையில் தொடங்கிப் பதினைந்துவரை போகலாம். இது பஸ்கியின் இளைய சகோதரன். தண்டாலுக்கும் இப்படியோர் இளைய சகோதரன் உண்டு. சுவரிலிருந்து ஓரடி ஒன்றரையடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. சுவரில் எளிதாகிவிட்டால் அசையாத மேசை விளிம்பில் செய்யலாம். தரையில் செய்யும் தண்டாலுக்கு வருவது அவரவர் விருப்பம். குதிகாலை உயர்த்தி விரல்களில் நிற்பதை அடுப்பருகிலேயே செய்யலாம். கேத்தலில் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரம் தாராளம்.

மழை விட்ட நாட்களில் நடை. வேகத்துக்கு அளவுகோல் கடிகாரமன்று, நாக்கு. பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே நடுத்தர வேகம். பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம். நம் பக்கத்தில் ஏற்றம் மிகுதியாதலால் மெல்ல நடந்தாலே இந்த நிலை வந்துவிடும். சமவெளிக்காரர் அரைமணியில் பெறுவதை நாம் அதைவிடச் சீக்கிரம் பெறலாம். மூச்சு வாங்கினால் நின்று ஆறி, மறுபடி நடக்கலாம். குறுக்குப் பாதைகளில் அட்டையும், தேயிலைச் செடிகளுக்கிடையே குளவிக் கூடும் உண்டு என்பதை உள்ளூராருக்குச் சொல்லத் தேவையில்லை. உடலைத் தேற்றப் போய் குளவியிடம் கொட்டுப்படாமல் தார் வீதியிலேயே நடப்பது நல்லது. வீதியில் வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாக, விடியுமுன் எனில் வெளிர்நிறச் சட்டையுடன். செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் பாசி பிடித்த சிமெந்துப் படிகளில் நடக்கவே வேண்டாம்.

செய்வது எளிது, தொடர்வதுதான் கடினம். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. புதிய வேலைக்குப் புதிய நேரம் தேடாமல், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் அதைக் கட்டிவிட வேண்டும். பல் துலக்கியதும் படியேற்றம். கோப்பை கழுவியதும் சுவர்த் தண்டால். பேருந்தை ஒரு தரிப்பிடத்துக்கு முன்பே விட்டிறங்குதல். கடைக்காரர் ஒவ்வொரு பத்து வாடிக்கையாளருக்கும் ஒருமுறை எழுந்து உட்காரலாம். முச்சக்கர வண்டிக்காரர் ஆள் வரும்வரை வண்டிக்குள் சாய்ந்து கிடப்பதைவிட வண்டியைச் சுற்றிவரலாம். ஆசிரியர் நாற்காலியை விட்டு வகுப்பின் கடைசி வாங்குவரை நடந்து பாடம் நடத்தினால் கடைசி வாங்குக்காரருக்கும் நன்மை! இராச்சோறு உண்டபின் பத்து நிமிடம் முற்றத்தில் உலாவுதல் இரத்தத்தில் ஏறும் சீனியை மட்டுப்படுத்தும். உண்டதும் படுக்கை என்ற நம் வழக்கத்தில் இந்த ஒரு திருத்தம் மட்டும் நடந்தால்கூடப் பெரிய காரியம்.

'பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன்' என்ற பேச்சை இக்காலத்தில் கேட்காதவர் இல்லை. கைத்தொலைபேசியும் அதையே சொல்லிப் பயமுறுத்துகிறது. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. மறுவருடம் ஒரு ஜப்பானிய வியாபார நிறுவனம் அடிகளை எண்ணும் சிறு கருவியைச் செய்து 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயரிட்டு விற்றது. எண் அழகாக இருந்தது, நிலைத்துவிட்டது. வைத்தியர் எவரும் நிறுத்துப் பார்த்துக் கொடுத்த அளவன்று அது. 2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதிய பெண்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,700 அடியளவே நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவர் நீண்டகாலம் வாழ்ந்தது தெரிந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பயன் தெரியவில்லை. கருவியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

அதே ஜப்பானில் இதைவிடப் போற்றத்தக்க ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டு முதல் வானொலியில் இசையோடு தேகாப்பியாசம் ஒலிபரப்பினார்கள். போருக்குப்பின் சிலகாலம் நின்று, 1951இல் புதிய வடிவில் மீண்டது. இன்றும் காலை ஆறரை மணிக்கு ஒலிக்கிறது. ஒரு தொகுதி மூன்று நிமிடமளவே. கிழவரும் குழந்தைகளும் தொழிலாளரும் முற்றத்திலும் பூங்காவிலும் நின்று கையை உயர்த்தித் தாழ்த்துகிறார்கள். அதில் வெற்றி தோல்வி இல்லை. கனடா தேசத்து ஆகாயப்படை 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட பயிற்சித் திட்டமும் இவ்வாறே எளியது: ஐந்து அப்பியாசம், நாளுக்குப் பதினொரு நிமிடம், கருவி எதுவும் தேவையில்லை. வசதியற்ற தொலைதூர முகாம்களில் இருந்த விமானிகளுக்காக வகுத்தது அது. பெண்களுக்கெனப் பன்னிரண்டு நிமிடத்தில் வேறொன்று வந்தது. தமிழகத்தில் கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியாக அமைத்த 'எளியமுறை உடற்பயிற்சி' இன்றும் பல ஊர்களில் கற்பிக்கப்படுகிறது. முழுவதும் செய்ய நேரமில்லாதவர் கைப்பயிற்சியையாவது கற்றுக்கொள்ளலாம்.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. லயத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வாழ்க்கை. ஒருவீட்டுத் தும்மல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இஸ்தோப்பில் ஏறி இறங்கினால் "என்னக்கா, திருவிழாக் கூத்துக்கு ஒத்திகையா?" என்று கேட்க ஆளுண்டு. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டவளையும் சேர்த்துக்கொள்வதுதான் இதற்கு வழி. இருவர் சேர்ந்தால் கேலி பாதியாகும். நால்வர் சேர்ந்தால் கேலி செய்ய ஆள் இராது. ஞாயிறு காலை நால்வரும் சேர்ந்து கோயில்வரை நடக்கிறோம் என்றால் வீட்டிலும் தடையில்லை. மாலை வேளையில் பிள்ளைகளைப் பாடம் படிக்க வைத்துக்கொண்டே தாய் நாற்காலியில் எழுந்து அமரலாம். பிள்ளை வாய்ப்பாடு சொல்லட்டும், தாய் எண்ணிக்கொள்ளட்டும். மாணவர்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். பாட்டாவுக்கும் பாட்டிக்கும் நாட்காட்டியில் தினமும் ஒரு புள்ளி வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை புள்ளி வைக்கக் காத்திருக்கும்போது பயிற்சியைத் தவறவிடப் பெரியவர்களுக்கு மனம் வராது.

தொடங்குமுன் யார் வைத்தியரைக் காண வேண்டும்? நெஞ்சுவலி, படியேறும்போது அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, தலைச்சுற்று, முன்பு வந்த மாரடைப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் காண வேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுபவரும் மாத்திரை உண்பவரும் வெறும் வயிற்றில் நீண்டநேரம் நடக்கக் கூடாது. வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம் தோன்றி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அங்கேயே நிறுத்தி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை அமைத்து வருகிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் எந்த நோயும் இல்லாமலே அங்கு சென்று இரத்த அழுத்தம், சீனி, நிறை ஆகியவற்றை இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். நோய் வந்தபிறகே வைத்தியசாலை வாசலை மிதிக்கும் நம் வழக்கத்துக்கு மாறான ஏற்பாடாதலால் பலர் இதை அறியார்.

கடைசியாக, சிவனொளிபாதமலை. தெரணியகலையிலிருந்து மாலிபொட, உடமாலிபொட வழியாகவும் 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குப் பாதை உண்டு. நீளமும் கடினமும் கூடிய பாதை. மார்கழிப் பௌர்ணமியில் யாத்திரைக் காலம் தொடங்கி வைகாசி விசாகப் பௌர்ணமிவரை நடக்கிறது. வருடம் முழுவதும் நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே இரவில் மலையேறி, பிறகு ஒரு வாரம் சுவரைப் பிடித்து நடப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். புரட்டாசியிலேயே இஸ்தோப்புப் படியில் தொடங்குகிறவருக்கு மூன்று மாதம் கிடைக்கும். அவர் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே அதிகமாகப் பழக வேண்டும். மலையில் ஏறும்போது களைப்பது மூச்சு. முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். ஆகவே படியிலிருந்து கால் வைக்கும்போது தடாலென்று குதிக்காமல், முழங்காலைச் சற்றே மடக்கி, மேலே நிற்கும் காலே உடற்பாரத்தைத் தாங்கியிருக்க, கீழ்க்காலை நிதானமாக ஊன்றிப் பழகட்டும். இறங்கும்போது கையில் ஒரு தடியும் இருக்கட்டும்.